மாற்றுச் சிறுநீரகத்தைப் பல வருடம் காப்பாற்ற: பரிசோதனைகள், காகிதங்கள், செலவு, நேரம்

அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வருடம் அது. என் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, ஏறினால் வேலை குறைகிறது என்று பொருள்) 1.2, 1.3, 1.3, 1.4, 1.5 என்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தவர்கள் "சின்ன வித்தியாசம்தான், அடுத்த தடவை பார்ப்போம்" என்றார்கள், நானும் நிம்மதியாகத் திரும்பி வந்தேன். உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. சிறுநீர் நன்றாகப் போனது, கால் வீங்கவில்லை, பசியும் தூக்கமும் சரியாக இருந்தன. ஒரு நாள் புதிதாக வந்திருந்த இளம் மருத்துவர் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்த தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பி, பேனா முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசித் தாளுக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பயாப்ஸி (சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்யச் சொன்னார். எதிர்ப்பணுக்கள் மெதுவாகச் சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருந்தது அதில்தான் தெரிந்தது.

சிகிச்சைக்குப் பிறகு 1.6-இல் நின்றுவிட்டது. போன பகுதி திரும்பி வரவில்லை. அந்தத் தாள்கள் எல்லாம் என் பையிலேயேதான் இருந்தன, நானே அவற்றை ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் எட்டு மாதம் முன்னாலேயே தெரிந்திருக்கும். புதிதாகச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்த இழப்பு வரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். இங்கே நான் தரும் எண்கள் பொதுவாகப் பின்பற்றப்படுபவை. உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

1. வீட்டுக்குக் கிளம்பும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வந்ததும் வாங்கி மடித்து வைத்துவிடாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து இவையெல்லாம் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: அறுவை சிகிச்சை நடந்த தேதி, முதலில் உங்கள் சிறுநீரகம் கெட்டதற்கான காரணம், உங்களுக்கும் தானம் செய்தவருக்கும் ஹெச்எல்ஏ (செல்களின் மேலுள்ள திசு அடையாளம்) எவ்வளவு பொருந்தியது, கிராஸ்மேட்ச் (தானம் செய்தவரின் செல்களை உங்கள் ரத்தம் தாக்குகிறதா என்ற சோதனை) முடிவு, தொடக்கத்தில் கொடுத்த எதிர்ப்பு சக்தி அடக்கும் ஊசி எது, இருவருக்கும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று முன்பு இருந்ததா என்ற விவரம். கடைசியாகச் சொன்னதைப் பலர் கண்டுகொள்வதில்லை. தானம் செய்தவருக்கு அந்த வைரஸ் இருந்து உங்களுக்கு இல்லையென்றால், தடுப்பு மாத்திரை எத்தனை மாதம், அதை நிறுத்திய பிறகு எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் இதைப் பொறுத்துதான்.

முதல் நோய் என்ன என்பதும் முக்கியம். ஐஜிஏ நெஃப்ரோபதி, எஃப்எஸ்ஜிஎஸ் போன்ற சில நோய்கள் புதுச் சிறுநீரகத்திலும் திரும்பி வரக்கூடியவை.

இன்னொன்று, ஸ்டென்ட். சிறுநீர்க் குழாயை இணைத்த இடத்தில் பலருக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வைத்திருப்பார்கள், சில வாரங்களில் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்கும் தேதி சம்மரியில் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். மறந்து உள்ளேயே கிடந்தால் தொற்றும் அடைப்பும் வரும்.

எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து, போனிலும் படம்பிடித்து வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போகும்போது இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

2. உங்களுக்கான எண் எது என்று முடிவு செய்யுங்கள்

லேப் ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் இயல்பு அளவு இரண்டு சிறுநீரகம் உள்ளவர்களுக்கானது. மாற்றுச் சிறுநீரகத்தில் கிரியாட்டினின் ஒருவருக்கு 1.0-இல் நிற்கும், இன்னொருவருக்கு 1.5-இல் நின்று பல வருடம் ஆடாமல் ஓடும். முதல் சில மாதங்களில் எண் ஒரு நிலைக்கு வந்தபின் "என் அடிப்படை கிரியாட்டினின் எவ்வளவு என்று வைத்துக்கொள்ளட்டும்?" என்று நேராகக் கேளுங்கள். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அதிலிருந்து 20 அல்லது 25 சதவீதம் ஏறினால், ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி இருக்கிறதோ இல்லையோ, மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். அடிப்படை 1.0 உள்ளவருக்கு 1.25 வந்தால் பல லேப்களில் எந்தக் குறியும் விழாது. கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரே நோட்டு, ஒரே பக்கம். தேதி, கிரியாட்டினின், ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் கணக்கு), டாக்ரோலிமஸ் (எதிர்ப்பு சக்தி அடக்கும் மாத்திரை) ரத்தத்தில் இருக்கும் லெவல், சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின், பொட்டாசியம், அன்றைய மாத்திரை அளவு. கடைசிப் பத்தியில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புது மருந்து ஏதாவது இருந்தால் ஒரு வரி. கீழிருந்து மேலே ஒரு தடவை கண்ணை ஓட்டினாலே போக்கு தெரிந்துவிடும்.

லேப் மாறினால் அளவுகோலும் மாறலாம், கவனம். சில இடங்களில் கிரியாட்டினினை மில்லிகிராமில் தருவார்கள், சில இடங்களில் மைக்ரோமோலில். டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 88.4 மைக்ரோமோல். முடிந்தவரை ஒரே லேப்பில் எடுங்கள்.

3. எந்தப் பரிசோதனை, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை

உலக அளவில் பின்பற்றப்படும் கேடிகோ வழிகாட்டுதலின்படி கிரியாட்டினின் அட்டவணை ஏறக்குறைய இப்படி: முதல் வாரம் தினமும், அந்த மாதம் முடியும்வரை வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, 2, 3-ஆம் மாதங்களில் வாரம் ஒருமுறை, 4 முதல் 6-ஆம் மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஒரு வருடம் முடியும்வரை மாதம் ஒருமுறை. பிறகு ஆயுள் முழுக்க 2 அல்லது 3 மாதத்துக்கு ஒருமுறை.

கடைசி வரிதான் கஷ்டம். முதல் வருடம் பயத்திலேயே ஓடிவிடும், யாரும் தவறவிட மாட்டார்கள். நாலாவது, ஐந்தாவது வருடத்தில் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மூன்று மாதம் ஐந்தாகி, ஐந்து ஏழாகிவிடும். மாற்றுச் சிறுநீரகத்தைப் பொருத்தும்போது ரத்தக் குழாய்களையும் சிறுநீர்க் குழாயையும் இணைக்கிறார்கள், நரம்புகளை இணைப்பதில்லை. அதனால் உள்ளே நிராகரிப்பு (உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தாக்குவது) நடந்தாலும் பெரும்பாலும் வலிக்காது. ரத்தமும் சிறுநீரும் சொன்னால்தான் உண்டு.

அடுத்த தேதியை லேப்பிலிருந்து கிளம்பும் முன்பே போனில் போட்டுவிடுங்கள்.

4. டாக்ரோலிமஸ் லெவல் எடுக்கும் நாள்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறியது இங்கேதான், தவறுகிறவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

அளக்க வேண்டியது அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால் ரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை. காலை, இரவு என இரண்டு வேளை மாத்திரை என்றால் இரவு மாத்திரை போட்டுச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு. நாளுக்கு ஒருமுறை போடும் வகை என்றால் 24 மணி நேரம். ரத்தம் கொடுத்த பிறகுதான் அன்றைய காலை மாத்திரை. அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வராமல் சட்டைப் பையில் எடுத்துப் போங்கள், ஊசி எடுத்த கையோடு போட்டுவிடலாம்.

ஒருமுறை பழக்கதோஷத்தில் எழுந்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டு லேப்புக்குப் போனேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லெவல் 19 என்று வந்தது. மருந்து அதிகம் என்று நினைத்து அளவைக் குறைத்தார்கள். உண்மையில் என் லெவல் 6-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கிறது. குறைத்த அளவோடு நான் ஐந்து வாரம் பாதுகாப்பில்லாமல் இருந்தேன். தெரியாமல் போட்டுவிட்டால் அன்று ரத்தம் கொடுக்காமல் திரும்பி வந்து மறுநாள் போங்கள், ஒரு நாள் தள்ளிப்போவதால் ஒன்றும் ஆகாது. லேப் படிவத்தில் "கடைசி மாத்திரை இத்தனை மணிக்கு" என்று நீங்களே எழுதச் சொல்லுங்கள்.

லெவல் எவ்வளவு இருக்க வேண்டும்? முதல் மாதங்களில் கூடுதலாகவும் (பல இடங்களில் 8 முதல் 12) பிறகு குறைவாகவும் (5 முதல் 8) வைப்பார்கள், ஆளுக்கு ஆள் மாறும். அதைவிட, எண் நிலையாக இருப்பது முக்கியம். ஒரு மாதம் 4, அடுத்த மாதம் 11, பிறகு 5 என்று ஊசலாடுகிறவர்களுக்குச் சிறுநீரகம் சீக்கிரம் கெடுகிறது. ஊசலாட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் நேரம் தவறிப் போடுவதும், வேளை விடுவதும், கம்பெனி மாற்றிப் போடுவதும். மருந்துக் கடையில் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று கொடுத்தால் வாங்க வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றி, சில நாளில் லெவல் பாருங்கள்.

அளக்கும் முறையும் லேப்புக்கு லேப் வேறு. இம்யூனோஅஸே முறையில் வரும் எண் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஒரே லேப் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவும்தான்.

அப்புறம், வயிற்றுப்போக்கு. போக்கு வந்தால் மருந்து வெளியே போய் லெவல் குறையும் என்று நினைப்போம். டாக்ரோலிமஸ் விஷயத்தில் பெரும்பாலும் லெவல் ஏறும். இரண்டு நாளுக்கு மேல் போனால் போன் செய்து லெவல் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். டாக்ரோலிமஸுக்குப் பதில் சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்குச் சில இடங்களில் மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், உங்களுக்கு எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. சிறுநீரில் புரதம்

கிரியாட்டினின் ஏறும் முன்பே சேதத்தைக் காட்டிக் கொடுக்கக்கூடிய பரிசோதனை, செலவும் குறைவு. ஆனாலும் அதிகம் விட்டுப்போவது இதுதான். முதல் மாதத்தில் ஒருமுறை, முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையோடும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன்.

24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. காலை முதல் சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் கேளுங்கள். 30-க்கு மேல் (கிராமுக்கு மில்லிகிராம் கணக்கில்) போனால் கவனம். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, மாதவிடாய், சிறுநீர்த் தொற்று இருக்கும்போது கொடுத்தால் வீணாகப் பயப்பட வேண்டி வரும், தள்ளிப்போடுங்கள்.

6. வீட்டில் பார்க்க வேண்டியவை

ரத்த அழுத்தம், எடை. இரண்டுக்கும் கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. அழுத்தத்தை மேல்கையில் கட்டும் கருவியில் பாருங்கள், 5 நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சு உயரத்தில் இருக்க. டயாலிசிஸ் பிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் கட்டக் கூடாது. பொதுவான இலக்கு 130/80-க்குக் கீழே. நன்றாக இருந்த அழுத்தம் திடீரென்று மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லையென்றால் சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கியிருக்கலாம், டாப்ளர் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

எடையைத் தினமும் காலை ஒரே நேரத்தில் பாருங்கள். ஓரிரு நாளில் 1 கிலோவுக்கு மேல் ஏறினால் அது நீர்தான்.

7. வைரஸ், எதிர்ப்பணு: விலை கூடிய பரிசோதனைகள்

பிகே வைரஸ் நம்மில் பெரும்பாலானோர் உடம்பில் தூங்கிக்கொண்டிருப்பது. எதிர்ப்பு சக்தியை அடக்கியதும் விழித்து மாற்றுச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அறிகுறியே காட்டாது. ரத்தத்தில் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும்) பரிசோதனை: 2024-இல் வந்த சர்வதேசப் பரிந்துரைப்படி 9-ஆம் மாதம்வரை மாதம் ஒருமுறை, பிறகு 2 வருடம்வரை 3 மாதத்துக்கு ஒருமுறை. இதற்கென்று உறுதியாக வேலை செய்யும் மருந்து இல்லாததால் எதிர்ப்பு சக்தி அடக்கும் மருந்தைக் குறைப்பார்கள். நிராகரிப்பு என்றால் அதே மருந்தைக் கூட்டுவார்கள். கிரியாட்டினின் ஏற்றம் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சிகிச்சை நேர் எதிர். யாரும் ஊகத்தில் அளவை மாற்ற விடாதீர்கள், நீங்களும் மாற்றாதீர்கள்.

தானம் செய்தவரின் ஹெச்எல்ஏ-வுக்கு எதிராக உங்கள் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பணுவைப் பார்ப்பது டிஎஸ்ஏ. எனக்குப் பிடிபட்டது இது. விலை அதிகம், முடிவு வர நாளாகும். எல்லாரும் அடிக்கடி எடுக்க வேண்டியதில்லை. மருந்து விட்டுப்போனவர்கள், மருந்தைக் குறைத்தவர்கள், கிரியாட்டினினோ புரதமோ ஏறியவர்கள், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் கட்டாயம் கேளுங்கள். தானம் செய்தவரின் டிஎன்ஏ துணுக்குகள் உங்கள் ரத்தத்தில் எவ்வளவு என்று அளக்கும் புதுப் பரிசோதனையும் வந்திருக்கிறது. பயாப்ஸி தேவையா என்று தடுமாறும் இடத்தில் உதவும், எல்லா இடத்திலும் கிடைக்காது, விலையும் கடுமை. பணம் அளவோடுதான் இருக்கிறதென்றால் முதலில் கிரியாட்டினின், லெவல், சிறுநீர்ப் புரதம், பிகே வைரஸ் இந்த நாலையும் தவறாமல் எடுங்கள்.

காப்பீடு இருந்தால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: படுக்கையில் சேராமல் வெளியே எடுக்கும் பரிசோதனைக்குப் பணம் தருவார்களா? தருவார்களென்றால் மருத்துவர் சீட்டு, அசல் ரசீது, ரிப்போர்ட் மூன்றும் ஒரே தேதியில் இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். சீட்டில் பரிசோதனையின் பெயர் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

8. வேறு மருத்துவர் மருந்து எழுதும்போது

பல்வலிக்கும் முதுகுவலிக்கும் போய்த்தான் பல சிறுநீரகங்கள் அடிபடுகின்றன. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை வேண்டாம். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல், டில்டியாசெம் டாக்ரோலிமஸ் லெவலை ஏற்றும். ரிஃபாம்பிசின், ஃபினைட்டாயின், கார்பமசெபின் இறக்கும். கிரேப்ஃப்ரூட் பழமும் ஏற்றும். கோவிட்டுக்குக் கொடுக்கும் ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரை லெவலைப் பல மடங்கு ஏற்றிவிடும், சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மூலிகை, பொடி, சத்து மாத்திரை எதுவானாலும் இதே விதிதான். சிடி ஸ்கேனுக்குச் சாய ஊசி போடுவதென்றால் முன்பே சொல்லுங்கள்.

உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் நமக்கு ஆகாது. ஃப்ளூ போன்ற செயலிழந்த வகை தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும், எந்த மாதத்திலிருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

9. சிறுநீரகத்துக்கு வெளியே

சர்க்கரை: ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றில் சரியாக இருந்து மாலையில் ஏறும், அதனால் மதிய உணவுக்குப் பிறகும் பாருங்கள். முதல் சில மாதம் ஹெச்பிஏ1சி-யை (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) மட்டும் நம்ப முடியாது. கொழுப்பு, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுங்கள். ஹீமோகுளோபின் 17-க்கு மேல் ஏறுவதும் பிரச்சினைதான், சந்தோஷப்பட வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை தோல் மருத்துவரிடம் உடம்பு முழுக்கக் காட்டுங்கள், நமக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்பு அதிகம். குழந்தை பெற நினைக்கும் பெண்கள் முன்பே சொல்லிவிடுங்கள்: எதிர்ப்பு சக்தி அடக்கும் மருந்துகளில் ஒன்றான மைக்கோஃபீனோலேட்டைக் கருத்தரிக்கக் குறைந்தது 6 வாரம் முன்பே மருத்துவர் மேற்பார்வையில் மாற்ற வேண்டும்.

10. பயாப்ஸி என்று சொன்னால்

நான் முதலில் கேட்டபோது கை நடுங்கியது, பத்து நாள் தள்ளிப்போட்டேன். தள்ளியிருக்கவே கூடாது. சிறுநீரகம் அடிவயிற்றில் தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மரத்துப்போகும் ஊசி போட்டு அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். "டக்" என்று ஒரு சத்தம், இரண்டு மூன்று முறை, அவ்வளவுதான். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்தால் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். எடுத்த பிறகு சில மணி நேரம் மல்லாந்து படுக்க வேண்டும், சிறுநீர் ஒரு நாள் லேசாகச் சிவந்து போகலாம். கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ சிறுநீர் நின்றாலோ உடனே சொல்லுங்கள். முதல் முடிவு ஓரிரு நாளில் வந்துவிடும், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் முடிவுக்கு மேலும் நாளாகும். பான்ஃப் மதிப்பெண்கள் (சேதத்தைத் தரப்படுத்தும் எண்கள்) உள்ள முழு ரிப்போர்ட்டையும் வாங்கிக் கோப்பில் சேருங்கள், அடுத்த பயாப்ஸியை அதோடுதான் ஒப்பிடுவார்கள்.

11. அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாதவை

38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். சிறுநீர் சட்டென்று குறைவது. சிறுநீரகம் இருக்கும் இடத்தில் வலி அல்லது வீக்கம். வாந்தி எடுத்து மாத்திரை தங்காமல் போவது. மாத்திரை தீர்ந்து ஒரு நாளுக்கு மேல் இல்லாமல் இருப்பது. இதில் எது நடந்தாலும் அன்றே போன் செய்யுங்கள், இரவானாலும். அதற்கான எண்ணைப் பகலிலேயே வாங்கி, வீட்டில் இன்னொருவர் போனிலும் ஏற்றி வையுங்கள். காய்ச்சலில் கிடக்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு நோட்டு இருக்கும் இடத்தையும் காட்டிவிடுங்கள்.